பிரதேச சபைச் சம்பளம் சரியா என்று பார்ப்பது எப்படி

முதலில் ஒன்று: தவிசாளரிடம் போய்ச் சம்பளத்தைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்காதீர்கள். என் மச்சான் கேட்டான். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். சபை சம்பளத்தைக் கொடுக்கும், ஆனால் தொகையைத் தீர்மானிப்பது அது இல்லை.

அதனால் முதலில் நீங்கள் யார் என்று பாருங்கள். உறுப்பினருக்குக் கிடைப்பது கொடுப்பனவு. அவருக்குப் பிரதேச சபை என்றால் 1987இன் 15ஆம் இலக்கச் சட்டம், கிண்ணியா மாதிரி நகரசபை என்றால் 1939இன் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நிரந்தர நியமனம் உள்ள ஊழியர் மாகாண அரச சேவைக்காரர், அவருடைய தொகை கொழும்பில் வெளியாகும் அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கையோடு ஏறி இறங்கும்.

இப்போது நடப்பது 10/2025 இலக்கச் சுற்றறிக்கை. அதற்கு முன் 03/2016. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நியமனக் கடிதத்தில் உங்கள் சம்பளக் குறியீட்டைத் தேடுங்கள். சுகாதாரத் தொழிலாளி என்றால் பெரும்பாலும் ஆரம்ப நிலை ஊழியருக்கான பி.எல்-1ஆக இருக்கும். அந்தக் குறியீட்டின் ஆரம்பப் படி, அதாவது புதிதாகச் சேர்பவரின் மாத அடிப்படைச் சம்பளம், 24,250 ரூபாவில் இருந்து 40,000 ஆகிறது. 15,750 கூடுகிறது என்று எல்லாரும் துள்ளினார்கள், ஆனால் ஏற்கனவே தனியாக வந்துகொண்டிருந்த 7,500 ரூபாக் கொடுப்பனவுகளை அடிப்படைச் சம்பளத்துக்குள் தள்ளிவிட்டதால் உண்மையில் கூடுவது 8,250தான், அதுவும் ஒரேயடியாக இல்லை. 2025 ஏப்ரலில் 5,000, அதோடு மிச்சம் 3,250இல் 30 வீதம், அதாவது 975, மொத்தம் 5,975. மீதி 2,275 இரண்டு பாதியாக 2026, 2027 ஜனவரிகளில். இது ஆரம்பப் படியில் நிற்பவருக்கான கணக்கு. பத்து வருடச் சேவை இருந்தால் உங்கள் படியை எடுத்துத் திரும்பப் போடவேண்டும், பிழை வருவதும் அங்கேதான். மச்சானுக்கு ஒரு சம்பள ஏற்றத்தையே விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

கணக்கு ஒத்துவராவிட்டால் செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், வாயால் சொல்வது காற்றோடு போகும். "எந்தச் சுற்றறிக்கையின் எந்தப் பந்தியின்படி என் படி கணிக்கப்பட்டது?" என்ற ஒரே கேள்வி போதும். பதில் வராவிட்டால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் அலுவலருக்கு அதே கேள்வியைப் போடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. கிடைத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் சொல்லவேண்டும். இல்லையென்றால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பிழை உறுதியானால் கிழக்கு மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்துக்குப் போகலாம். அம்பாறைக்காரர் அதற்காக விடியப்பறம் பஸ் ஏறவேண்டும், நமக்குத் திருகோணமலைக்குள்ளேயே இருக்கிறது. போகும்போது நியமனக் கடிதம், கடைசிச் சம்பள ஏற்றக் கடிதம், 2025 மார்ச், ஏப்ரல் சம்பளச் சீட்டுகள் இரண்டும் கையில் இருக்கட்டும், பிரதி எடுத்து.