ஆங்கிலத்தில் எந்த இடத்தில் எந்தக் கோடு?

கீபோர்டில் இருக்கும் சின்னக் கோடு ஹைஃபன். 'ஃபுல்-டைம் ஜாப்' என்பதுபோல சொற்களைச் சேர்க்கத்தான் அது. 1939–1945, பக்கம் 10–15 என்று 'முதல், வரை' சொல்ல, சற்று நீளமான 'என்-டேஷ்' வேண்டும். ஆனால் முன்னால் 'ஃப்ரம்' போட்டுவிட்டால் கோடு கூடாது, 'டு' என்றே எழுதுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

வாக்கியத்தின் நடுவே விளக்கம் செருக, மிக நீளமான 'எம்-டேஷ்'. அமெரிக்கப் புத்தகங்களில் பெரும்பாலும் அதன் இருபக்கமும் இடம் விடமாட்டார்கள். பிரிட்டிஷ் பதிப்பகங்கள் பல, இடம் விட்டு என்-டேஷே போடும். எதுவானாலும் சரி, ஒரே கட்டுரைக்குள் மாற்றாதீர்கள்.

விண்டோஸில் நம்லாக் போட்டு, ஆல்ட்டை அழுத்தியபடி வலப்பக்க எண் விசைகளில் 0150 தட்டினால் என்-டேஷ், 0151 என்றால் எம்-டேஷ். போனில் ஹைஃபனை அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் இரண்டும் வந்துவிடும்.