கான்டூரின் வடிவத்தை எண்ணாக்குவது எப்படி?

படங்களை அலசும் நிரல் நூலகமான ஓபன்சிவியில் கான்டூரை, அதாவது ஓர் உருவத்தின் எல்லைக்கோட்டை, பிரித்தெடுத்துவிட்டீர்கள். அது வட்டமா, சதுரமா, விளிம்பு உடைந்த துண்டா என்று நிரல் எப்படிக் கண்டுபிடிக்கும்? நான் முதலில் பார்ப்பது சாலிடிட்டியைத்தான். கான்டூரின் பரப்பளவை அதன் கான்வெக்ஸ் ஹல்லின் (உருவத்தைச் சுற்றி ரப்பர் பேண்டை இழுத்து மாட்டினால் கிடைக்கும் வடிவம்) பரப்பளவால் வகுங்கள். உள்வளைவே இல்லாத வடிவத்துக்கு 1 வரும். ஒழுங்கான ஐந்துமுனை நட்சத்திரத்துக்கு 0.47தான். பொருள் எப்படித் திரும்பிக் கிடந்தாலும் இந்த எண் அவ்வளவாக மாறாது. எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

எக்ஸ்டென்ட் அப்படியல்ல. அது கான்டூரின் பரப்பை பவுண்டிங்ரெக்ட்டின், அதாவது உருவத்தைச் சுற்றிச் சாயாமல் நேராகப் போடும் செவ்வகத்தின், பரப்பால் வகுப்பது. அதே சதுரம் 45 டிகிரி சாய்ந்தால் எண் பாதியாகிவிடும். பொருள்கள் கண்டபடி சாய்ந்து கிடக்கும் படத்தில், பொருளோடு சேர்ந்து சாயும் மிகச் சிறிய செவ்வகமான மினிஏரியாரெக்ட்டை எடுங்கள். நீள அகல விகிதத்துக்கும் அதுவே சரி.

இப்போது ஒரு சோதனை. கறுப்புப் படத்தில் 10க்கு 10 பிக்சலில் வெள்ளைச் சதுரம் வரைந்து, பரப்பளவு சொல்லும் கான்டூர்ஏரியாவைக் கூப்பிடுங்கள். 100 வராது, 81தான் வரும். கான்டூர் கோடு ஓரப் பிக்சல்களின் மையம் வழியாகப் போகிறது. அதனால் பக்கம் 9 ஆகிறது. பவுண்டிங்ரெக்ட்டோ பிக்சல்களை எண்ணி 10 என்கிறது. முழுச் சதுரத்துக்கே எக்ஸ்டென்ட் 0.81 என்று காட்டுவது இதனால்தான். பெரிய உருவங்களில் இந்த வித்தியாசம் கரைந்துவிடும். சின்னவற்றுக்கு, கான்டூரை நிரப்பி வரைந்து கவுன்ட்நான்ஜீரோவால் பிக்சல்களை எண்ணுவதே நல்லது.

வட்டத்தன்மைக்கு, 4π-ஐப் பரப்பளவால் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். கணக்குப்படி வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.785. ஆனால் பிக்சல் ஓரம் படிக்கட்டுபோல இருப்பதால், சுற்றளவை அளக்கும் ஆர்க்லெங்த் அதைக் கூட்டிச் சொல்லும். அசல் வட்டமே 0.9 பக்கம்தான் நிற்கும். 0.95-ஐ எல்லையாக வைத்தால் நல்ல வட்டங்களையும் கழித்துவிடுவீர்கள். உங்கள் படத்தில் இருக்கும் அளவிலேயே ஒரு வட்டத்தை வரைந்து பார்த்து, அப்புறம் எல்லையை வையுங்கள்.

கான்டூருக்குப் பொருந்தும் நீள்வட்டத்தைத் தேடும் ஃபிட்எலிப்ஸுக்குக் குறைந்தது 5 புள்ளிகள் வேண்டும். கான்டூரை எடுக்கும்போது, நேர்கோடுகளின் முனைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் செயின் அப்ராக்ஸ் சிம்பிள் போட்டால் நேரான சதுரத்துக்கு 4 புள்ளிகள்தான் மிஞ்சும், பிழை வரும். அங்கே எல்லாப் புள்ளிகளையும் வைத்துக்கொள்ளும் செயின் அப்ராக்ஸ் நன் போடுங்கள். ஒற்றைப் பிக்சல் கான்டூரின் பரப்பு 0. வகுப்பதற்கு முன்பே அதை வடிகட்டிவிடுங்கள். நடுவில் துளை உள்ள வளையமும் முழு வட்டும் வெளிக்கோட்டை மட்டும் பார்த்தால் ஒன்றுதான். துளை முக்கியமென்றால், துளைகளின் கோட்டையும் தனியாகத் தரும் ரெட்ர் சிகாம்ப் (RETR_CCOMP) முறையில் எடுத்து, உள் கான்டூரின் பரப்பைக் கழியுங்கள்.