கழுத்தில் நெறி கட்டினால்: கை முந்தக் கூடாத இடங்கள்

வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒருவர் கழுத்தில் சிறு கட்டி தட்டுப்பட்டதும் வீட்டில் முதலில் எழும் சொல், ‘நெறி கட்டியிருக்கு’ என்பதுதான். சொல்லில் பிழையில்லை, கழுத்தில் மட்டும் கிருமிகளை வடிகட்டும் நிணநீர்க் கணுக்கள் சுமார் 300 இருக்கின்றன, தொண்டையிலோ பல்லிலோ கிருமி புகுந்தால் அவை வீங்குவது இயல்பு. அதன் பின் எண்ணெய் தடவி அழுத்தி நீவத் தொடங்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

கைக்குத் தட்டுப்படுவதெல்லாம் நெறிக்கட்டியும் அல்ல. தாடைக்குக் கீழே இருபுறமும் உமிழ்நீர்ச் சுரப்பி உண்டு. மெலிந்தவர்களுக்கு அது உருண்டையாகவே தெரியும். அதற்குச் சற்றுக் கீழே, தைராய்டு குருத்தெலும்பின் (தொண்டையின் முன்னே புடைத்திருக்கும் குரல்வளை எலும்பு) மேல்விளிம்பு மட்டத்தில், தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடம் சிறிது புடைத்துத் துடிக்கும். துடிக்கும் எதையும் நீவக் கூடாது. அந்தப் புடைப்பில்தான் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம், முதியவர்களின் தமனிச் சுவரில் படிந்த கொழுப்பு பெயர்ந்து மூளைக்கும் போகலாம். மயங்கி விழுந்தவருக்கு நாடி பார்க்கிறேன் என்று இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பிடிப்பது இதனினும் மோசமான தவறு. ஒரு பக்கம் மட்டும், மெதுவாகத் தொட்டுப் பார்த்தால் போதும்.

‘வலிக்கவில்லை, அதனால் பயமில்லை’ என்பது நான் அதிகம் கேட்கும் தவறு. உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. தொண்டைப் புண்ணால் வந்த கட்டி வலிக்கும், புண் ஆறியதும் மெல்ல அடங்கும். காசநோய்க் கட்டியோ பெரும்பாலும் வலிக்காது, சுடாது. பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளரும். நம் பழைய மருத்துவம் இதைக் கண்டமாலை என்றது. பெயர் பொருத்தமானதே: கழுத்தின் பக்கவாட்டில் கரோட்டிட் தமனி, ஜுகுலர் சிரை, வேகஸ் நரம்பு மூன்றும் ஒரே உறைக்குள் இறங்க, அந்தச் சிரையை ஒட்டியே கணுக்கள் கோத்த மணிகளாகத் தொடர்கின்றன. இதற்கான பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். வழக்கமாக ஆறு மாதச் சிகிச்சை. இடையில் கட்டி சிறிது பெரிதாவதும் உண்டு. ‘மருந்து ஏறவில்லை’ என்று அப்போது மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் பலரைத் திரும்பவும் முதல் படிக்கே கொண்டுவருகிறது.

மாவா என்னும் புகையிலைக் கலவையை மெல்லும் பழக்கமுள்ளவருக்குத் தாடைக்குக் கீழே கல்லைப் போன்ற, அசையாத, வலியற்ற கட்டி வந்தால் புற்றுநோயா என்று வாயையும் நாக்கின் ஓரத்தையும் உடனே பரிசோதிக்க வேண்டும். இடது காறையெலும்புக்கு மேலே வரும் கட்டியின் வேர் வயிற்றிலும் இருக்கலாம். உடலின் பெரும்பகுதி நிணநீரைச் சுமந்துவரும் மார்புக் குழாய் அங்கேதான் சிரையில் சேர்கிறது. எந்தக் கட்டியானாலும் இரண்டு மூன்று வாரத்துக்குள் அடங்காவிட்டால் ஒத்தடத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அங்கே போன பிறகும் இரண்டு தவறுகள் காத்திருக்கின்றன. ஊசி வைத்துச் சதைத்துளி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை புற்றுநோயைப் பரப்பிவிடும் என்று அஞ்சி மறுப்பது ஒன்று. இந்தக் கணுக்களில் அது மெல்லிய ஊசியால் செய்யும் பாதுகாப்பான முதல் சோதனை. மற்றது, ‘சின்னக் கட்டிதானே’ என்று தகுதியில்லாதவரிடம் கீறச் சொல்வது. காசநோய்க் கட்டியைக் கீறினால் புண் ஆறாமல் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். கழுத்தின் பின்பக்க முக்கோணத்திலோ, தோலுக்குச் சற்றே கீழே, தோளைத் தூக்கும் தசையை இயக்கும் ‘துணை நரம்பு’ ஓடுகிறது. அது வெட்டுப்பட்டால் தோள் தொங்கிவிடும், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. காசிமேட்டில் மீன்கூடையைத் தலையில் ஏற்றிப் பிழைப்பவருக்கு அரை அங்குலக் கீறலில் தொழிலே போய்விடும். தேர்ந்த அறுவை மருத்துவர்களே அந்த இடத்தில் நரம்பைத் தேடிக் கண்ட பிறகுதான் கத்தி வைக்கிறார்கள்.

முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்து ‘சொடக்’ என்று திருகுவதையும் இங்கே சேர்க்க வேண்டும். மூளையின் பின்பகுதிக்குச் செல்லும் முதுகெலும்புத் தமனிகள் கழுத்தெலும்புகளில் உள்ள துளைகளின் வழியே ஏறுகின்றன. திடீரென்று திருகும்போது தமனியின் உட்சுவர் கிழிந்து இரத்தம் உறையலாம். இது அரிது, நடந்தால் பக்கவாதம். சொடக்கு எடுத்த அன்றோ அடுத்த சில நாட்களிலோ பின்கழுத்தில் புதிய வலியோடு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் வந்தால், தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.