வேலூரிலிருந்து நெல்லைக்குக் காரில்: ஜோடியாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஆஸ்பத்திரி வேலைக்கும் கல்லூரி வேலைக்கும் தோல் தொழிற்சாலைக்கும் வந்து தங்கிவிட்ட தென்மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். பொங்கல், தீபாவளி, கோயில் கொடை, தங்கை கல்யாணம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வருடத்தில் சில தடவையாவது கணவனும் மனைவியும் காரை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்புகிறார்கள். வேலூரிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 550 கிலோமீட்டர். நாகர்கோவில் என்றால் இன்னும் 80 சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் ஆரம்பிக்கின்றன: கிளம்புவதற்கு முந்தின நாள் ஊருக்குப் போடும் போனில்.

"மதியச் சாப்பாட்டுக்கு வந்துடுவோம்" என்று அந்தப் போனில் வாக்குக் கொடுத்துவிடுகிறோம். அங்கே அம்மா காலையிலேயே மீன் வாங்கி வைத்துவிடுவார். ஒரு மணிக்கு மேல் அரை மணிக்கு ஒரு தடவை, "எங்கெ வாறிய, திருச்சி தாண்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் மேல் தப்பில்லை, நாம் சொன்ன நேரத்தை நம்பித்தான் காத்திருக்கிறார். ஆனால் அந்த ஒரு மணி என்ற நேரத்தைக் காப்பாற்றத்தான் நடுராத்திரியில் கிளம்புகிறோம், காலை டீயைத் தள்ளிப்போடுகிறோம், பாத்ரூமுக்கு நிறுத்தத் தயங்குகிறோம், 120-இல் பறக்கிறோம். ஆகவே வந்து சேரும் நேரத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள். "சாயங்காலத்துக்கு மேல எப்ப வேணா வருவோம், நீங்க நேரத்துக்குச் சாப்பிட்டுருங்க" என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை அனுப்பிவிட்டால், ஊரில் இருக்கும் தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ பார்த்துச் சொல்லிவிடுவான். ஓட்டுகிறவரின் போனை முழு நேரமும் பக்கத்தில் இருப்பவர் வைத்திருக்க வேண்டும், அம்மா அழைத்தாலும் அவர்தான் எடுக்க வேண்டும்.

மேப் காட்டும் நேரத்தை நம்புவதும் இதே தவறுதான். சாப்பாடு, டீ, கழிப்பறை, சுங்கச்சாவடி வரிசை எதுவும் அந்தக் கணக்கில் சேராது. நிதானமாகப் போனால் திருநெல்வேலிக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே சரி. அது அதிகமாகத் தெரிந்தால் திருச்சியிலோ மதுரையிலோ ஒரு ராத்திரி தங்கலாம். லாட்ஜ் செலவை வீண் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர், என் பார்வையில் இந்தப் பயணத்தில் அதைவிட உருப்படியான செலவு இல்லை.

ராத்திரி கிளம்புவது

"ராத்திரி வண்டி குறைச்சலா இருக்கும், வெயிலும் இல்ல" என்ற காரணத்தைக் கேட்காத வீடு கிடையாது. பகலெல்லாம் டியூட்டி பார்த்துவிட்டு, மூட்டை கட்டி, பதினோரு மணிக்கு ஸ்டீயரிங் பிடிக்கிறவருக்கு அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்த இழுப்பு குறையாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. மூன்று விநாடி கண் செருகினால் 80 மீட்டருக்கு மேல் யாரும் ஓட்டாமல் வண்டி போயிருக்கும். சாலையோரத்தில் பின்விளக்கு எரியாமல் நிறுத்தி வைத்திருக்கும் லாரியில் மோதுகிற செய்தி நம் பேப்பரில் அடிக்கடி வருகிறதே, அதற்கு இந்தத் தூக்கமும் ஒரு காரணம்.

பாட்டைச் சத்தமாக வைப்பது, கண்ணாடியை இறக்கிவிடுவது எல்லாம் தூக்கத்தை விரட்டாது, சில நிமிடம் தள்ளிப்போடும். காபி வேலை செய்யவே இருபது முப்பது நிமிடம் ஆகும். கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கடந்த ஐந்து கிலோமீட்டர் நினைவில் இல்லாவிட்டாலோ, வெளிச்சமான பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு, உடனே இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துப் படுங்கள். எழும்போது காபியும் வேலையை ஆரம்பித்திருக்கும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஏசியில் உள்காற்றே சுற்றும்படி மணிக்கணக்கில் விட்டால், நாம் விடும் மூச்சே வண்டிக்குள் தேங்கி மந்தமாக்கும். அவ்வப்போது வெளிக்காற்று வரும் பட்டனை மாற்றி விடுங்கள்.

முந்தின நாள் ஒன்பது மணிக்குத் தூங்கி, காலை ஐந்து ஐந்தரைக்குக் கிளம்புவதுதான் என் சிபாரிசு. வெளிச்சம் வரும்போது கண்ணமங்கலம் பக்கம் இருப்பீர்கள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை இன்னொரு தூக்கக் கலக்கம் வரும். அப்போது ஓட்டப்போகிறவர் மதியம் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிடக்கூடாது. ஆம்பூர்க்காரர்களுக்கு இது கஷ்டம்தான்.

எந்த வழி, எந்த நாள்

வேலூரிலிருந்து போளூர், திருவண்ணாமலை வழியாகப் போய், திருக்கோவிலூர் பக்கமோ விழுப்புரம் பக்கமோ சுற்றி, உளுந்தூர்பேட்டையில் நான்கு வழிச் சாலையைப் பிடித்து, பெரம்பலூர், திருச்சி, மேலூர், மதுரை என்று இறங்குவது ஒரு வழி. வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று போவது இன்னொன்று. இரண்டாவது தூரம் கூடுதல், ஆனால் முழுக்க நான்கு வழி.

முதல் வழியில் போகிறவர்கள் பஞ்சாங்கம் பார்க்காமல் கிளம்புவது பெரிய தவறு. பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு நாலா பக்கமிருந்தும் கூட்டம் வரும். கார்த்திகை தீபம், சித்ரா பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம், ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையம் போட்டு வண்டிகளைத் திருப்பி விடுவார்கள். அந்த நாட்களில் கிருஷ்ணகிரி வழியே நல்லது. தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கும், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கும் நடக்கிறவர்கள் இருட்டில் சாலையோரமாகவே வருவார்கள். பொங்கல், தீபாவளிக்கு முந்தின ராத்திரி சென்னையிலிருந்து வரும் கூட்டம் முழுவதும் விழுப்புரம், உளுந்தூர்பேட்டையில் உங்களோடு சேர்ந்துகொள்ளும். ஒரு நாள் முன்னதாக லீவு கிடைத்தால் எடுத்துவிடுங்கள்.

திருவண்ணாமலை வரையிலான இருவழிச் சாலையில் ஆபத்தே முந்துவதில்தான். வளைவில், மேட்டில், பாலத்தில் முந்தக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். முன்னால் போகிற வண்டியை முந்துகிற பஸ்ஸின் பின்னாலேயே நாமும் ஒட்டிக்கொண்டு போவதுதான் தெரிந்தே செய்யும் தவறு. பஸ் டிரைவருக்கு எதிரே தெரிந்தது நமக்குத் தெரியவில்லை, அவருக்குக் கிடைத்த இடைவெளி நமக்குக் கிடைக்காது. விழுப்புரம் வட்டாரத்தில் அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கில்லாமல் ஊர்ந்து போகும், பொழுது சாய்ந்த பிறகு அங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

கிருஷ்ணகிரி வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் அது இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவதும் அங்கே உயிருக்கு உலை வைக்கும். பிரேக் சூடேறினால் பிடிப்புக் குறையும். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, லாரிகளுக்கு நடுவே மாட்டாமல் இடைவெளி விட்டு இறங்குங்கள்.

நான்கு வழிச் சாலை வந்ததும் எல்லாம் சுலபம் என்று நினைப்பதும் சரியல்ல. கார்களுக்கு அங்கே மத்திய அரசு 2018-இல் வைத்த உச்ச வேகம் 100, பலகையில் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. ஊர் வரும் இடங்களில் எதிர்த் திசையில் ஓரமாக பைக் வரும், நடுத் தடுப்பில் விட்ட இடைவெளியில் ஆடு மாடு கடக்கும். மதுரைக்கு முன்னால் உத்தங்குடியில் ரிங் ரோட்டைத் தவறவிட்டு மாட்டுத்தாவணி நெரிசலில் விழுகிறவர்கள் உண்டு. விழுந்தால் பரவாயில்லை, அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான். திருப்பம் தவறியதும் நெடுஞ்சாலையிலேயே ரிவர்ஸ் எடுக்கிறார்களே, அதைப் பார்க்கும்போது பதறுகிறது. தவறவிட்டால் அடுத்த யூ டர்ன் வரை போய்த் திரும்பி வாருங்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் கயத்தாறு காற்றாலைகள் தெரிய ஆரம்பித்ததும் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். நாகர்கோவில் போகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்று இன்னும் அதிகம். லாரியை முந்தும்போது அது காற்றை மறைக்கும், தாண்டி வெளியே வந்த நொடியில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். வேலூரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் காற்று புதிது.

முன் சீட்டில் இரண்டு பேர்

நம் வீடுகளில் பெரும்பாலும் கணவர்தான் ஓட்டுகிறார். மனைவிக்கு லைசென்ஸ் இருந்தாலும், "முடியாதப்ப நீ எடு" என்பார்கள். அப்படியானால் அவர் கைக்கு ஸ்டீயரிங் வருவது இருட்டிய பிறகு, நெரிசலில், களைத்துப்போன நேரத்தில். இது அவருக்குச் செய்யும் அநியாயம். உளுந்தூர்பேட்டையிலிருந்து திருச்சி வரை நேரான நான்கு வழிச் சாலையைக் காலை வெளிச்சத்தில் அவரிடம் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் சீட்டையும் மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்ய மறக்காதீர்கள். இரண்டு பேருக்கும் முடியாது என்றால் ஆக்டிங் டிரைவர் போடலாம், ஆனால் அவர் முந்தின ராத்திரி வேறு வண்டி ஓட்டினாரா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஓட்டாதவர் பக்கத்தில் நன்றாகத் தூங்கிவிடுவதும், விடாமல் "மெதுவா, மெதுவா" என்பதும் இரண்டுமே உதவாது. வழி சொல்வது, சுங்கச்சாவடியில் எந்த வரிசை என்று பார்ப்பது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, ஓட்டுகிறவர் பேச்சு குறைகிறதா என்று கவனிப்பது எல்லாம் அவர் வேலை. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். பேச்சு நின்றால் வண்டியும் நிற்க வேண்டும். மாமியார் வீட்டில் எத்தனை நாள், நம் வீட்டில் எத்தனை நாள் என்ற வழக்கைக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் பேசித் தீர்த்துவிடுங்கள். ஓடும் வண்டியில் அது வேண்டாம்.

கழிப்பறை விஷயத்தை ஆண்கள் யோசிப்பதே இல்லை. நல்ல இடம் கிடைக்குமோ என்னவோ என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்கள் எத்தனை பேர்! ஊருக்குப் போய்த் தலைவலியும் நீர்க்கடுப்புமாகப் படுத்துக்கொள்வார்கள். பெட்ரோல் பங்கில் கழிப்பறை, குடிநீர், டயருக்குக் காற்று மூன்றும் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், டீசல் போடாவிட்டாலும் கேட்கலாம். பூட்டியிருந்தால் சாவியைக் கணவர் போய்க் கேட்டு வாங்கட்டும். எங்கெங்கே நிறுத்துவது என்பதை மனைவியின் வசதியை வைத்தே தீர்மானியுங்கள், டீக்கடையை வைத்து வேண்டாம்.

வண்டி

கிளம்பும் முந்தின நாள் சர்வீஸுக்கு விடாதீர்கள். எங்கேயாவது சரியாக முறுக்காமல் விட்டிருந்தால் அது உள்ளூரில் ஓட்டும்போது தெரிய வேண்டும். ஒரு வாரம் முன்பே செய்து, நாலு நாள் ஓட்டிப் பாருங்கள்.

வேலூர் வெயிலுக்குப் பயந்து டயரில் காற்றைக் குறைத்து வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இது நேர்மாறான யோசனை. காற்றுக் குறைந்த டயர் அதிகமாக மடங்கி மடங்கி ஓடும், அதனாலேயே மேலும் சூடேறி வெடிக்கும். டிரைவர் கதவை ஒட்டிய சட்டத்தில் எழுதியிருக்கும் அளவே சரி. அதை டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வீட்டுக்குப் பக்கத்துப் பங்கில் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் நன்றாக இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டிய டயரைக் கடையில் காட்டாமல் இவ்வளவு தூரம் எடுத்துப் போகாதீர்கள்.

ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று சாவடி வரிசையில் நின்று பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. 2025 நவம்பர் 15 அன்று வந்த விதியில், டேக் வேலை செய்யாவிட்டால் ரொக்கத்துக்குக் கட்டணம் இரண்டு மடங்கு, யுபிஐக்கு ஒன்றேகால் மடங்கு என்று வைத்தார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு ஆண்டு பாஸ் வந்தது, 200 தடவை சாவடி கடக்கும் வரை அல்லது ஒரு வருடம் வரை செல்லும். வருடத்தில் மூன்று நான்கு தடவை தெற்கே போய் வருகிறவர்களுக்கு நிச்சயம் லாபம்.

மழையில் நாலு இன்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு. வண்டி நின்றுவிட்டால் இரண்டு பேரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு 1033-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நெடுஞ்சாலையில் எந்நேரமும் எடுப்பார்கள். அடிபட்டிருந்தால் 108.

திரும்பி வரும்போது

போகும்போது காட்டும் கவனம் வரும்போது இருப்பதில்லை. நான்கு நாள் விசேஷம், சரியான தூக்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து, அப்புறம் மூன்று மணிக்குக் கிளம்பி திங்கள் காலை டியூட்டிக்குப் போய்விடலாம் என்ற கணக்கு. ராத்திரி வண்டி வேண்டாம் என்று மேலே சொன்னது அத்தனையும் இதற்கும் பொருந்தும். திங்கட்கிழமையையும் சேர்த்து லீவு போடுங்கள், இல்லையென்றால் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். விருந்தைச் சனிக்கிழமை வைக்கச் சொன்னால் வைப்பார்கள்.

டிக்கியில் தேங்காய், அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, அல்வா என்று அத்தை அடுக்கும்போது வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். கனமானது டிக்கியின் அடியில், பின்சீட்டை ஒட்டி இருக்கட்டும். பின்கண்ணாடி மறைகிற அளவு அடுக்காதீர்கள். பின்சீட்டில் தளர்வாக வைத்த தேங்காய் ஒரு திடீர் பிரேக்கில் நம் தலைக்கு வரும். முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்று அதே சட்டத்தில் தனியாக எழுதியிருக்கும். திருநெல்வேலியை விட்டுக் கிளம்பும் முன் அந்த அளவுக்கு ஏற்றிக்கொண்டு வாருங்கள்.