முதலில் தூக்கத்தை எழுதுங்கள்: பெங்களூரு–மும்பை லோடுக்கு ஒரு நேரக் கணக்கு

பெங்களூருவின் யஷ்வந்த்பூரிலோ பீன்யாவிலோ லோடு ஏற்றி முடிக்கும்போது பெரும்பாலும் இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். ‘இப்போதே கிளம்பினால் விடிவதற்குள் சித்ரதுர்காவைத் தாண்டிவிடலாம்’ என்று, தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிய கையோடு ஸ்டியரிங்கைப் பிடிப்பது நம் டிரைவர்களின் வழக்கம். காலை ஆறு மணிக்கு எழுந்து, லோடுமேனுக்கும் பில்லுக்கும் காத்துக் கிடந்த அந்தப் பதினைந்து மணி நேரத்தில் வண்டி ஓடவில்லை என்பதால் அதை ஓய்வென்று எண்ணிக்கொள்கிறோம். உடம்பு அப்படி எண்ணுவதில்லை.

ஆகவே பயணத்துக்குத் திட்டம் எழுதும்போது, எங்கே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை தூங்கப்போகிறீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். கிலோமீட்டர் அதற்குப் பிறகு வரட்டும். லோடு ஏறிய இரவில் நெலமங்கலாவைத் தாண்டியதும், வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்திப் படுத்துவிடுங்கள். டீசல் திருட்டுக்குப் பயந்து அரைத்தூக்கம் தூங்குவதைவிட, பங்க் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முழுத்தூக்கம் தூங்குவது மேல். காலை ஐந்துக்கு எடுத்தால், சுமார் 410 கி.மீ. தள்ளியிருக்கும் ஹூப்ளியை மாலைக்குள் தொடலாம். மறுநாள் கோலாப்பூர் வழியாகச் சாத்தாரா, மூன்றாம் நாள் புனே, காட் (மலைப்பாதை) இறக்கம், பிறகு மும்பையை ஒட்டிய களம்போலி என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிராது. நெடுந்தூர வண்டிகளுக்கு 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த உச்சவரம்பும் அந்தப் பத்து மணி நேரந்தான். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி இடைவேளை வேண்டும் என்றும் அது சொன்னது.

‘பார்ட்டி (சரக்குக்காரர்) அவசரப்படுத்துகிறார்’ என்பீர்கள். சரக்கோடு வரும் ஜி.எஸ்.டி. அனுமதிச் சீட்டான இ-வே பில்லை எடுத்துப் பாருங்கள். 2021 ஜனவரி முதல் 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்று கணக்கு என்பதால், ஏறத்தாழ 980 கி.மீ. தூரத்துக்கு ஐந்து நாள் கிடைக்கிறது. வழியில் வண்டி படுத்துவிட்டாலும், கெடு முடிவதற்கு முன்போ பின்போ எட்டு மணி நேரத்துக்குள் அதை நீட்டித்துக்கொள்ளலாம். சட்டத்தில் இல்லாத அவசரம் போனில்தான் இருக்கிறது.

இரவு இரண்டு முதல் ஐந்து வரை தனி ஆளாக ஓட்டாதீர்கள். பகலில் கண் சொருகினால், ஒரு டீ குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுங்கள். டீ வேலை செய்யத் தொடங்கும் நேரமும் நீங்கள் எழும் நேரமும் ஒன்றாக அமையும். எழுந்ததும் முகம் கழுவி, டயர்களைத் தட்டிப் பார்த்து, பத்து நிமிடம் கழித்தே வண்டியை எடுங்கள்.

சமையல் நேரத்தைத் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை. மாலையில் நிறுத்தியதும் புழுங்கலரிசியை ஊறப்போட்டுவிட்டு, காற்று, ஆயில், கயிறு பார்த்து, குளித்து வருவதற்குள் அரிசி ஊறியிருக்கும். அடுப்பைக் கேபினுக்கு வெளியே, டீசல் டேங்க் இல்லாத பக்கம் வையுங்கள். புளிக்குழம்பைக் கெட்டியாக வைத்தால் மறுநாள் மதியத்துக்கும் ஆகும். அதிலேயே டாபாவில் போகும் ஒரு மணி நேரம் மிஞ்சும். குழம்பு கொதிக்கும் நேரம் வீட்டுக்குப் பேசுவதற்கு ஏற்றது. ஓட்டும்போது வரும் போனை எடுப்பதில்லை என்று வீட்டாரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

இறக்கும் இடத்தில்தான் நேரம் கணக்கில்லாமல் போகிறது. ஒருமுறை நான் குடோன் வாசலில் முப்பது மணி நேரம் நின்றுவிட்டு, ஹால்ட்டிங் (காத்திருந்ததற்கான படி) கேட்டபோது, ‘நீ எப்போது வந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?’ என்று கேட்டார்கள். பதில் இல்லை, படி போயிற்று. அன்றிலிருந்து கேட்டில் நுழைந்ததும் எல்.ஆர். (லாரி ரசீது) நகலின் பின்பக்கம் தேதியும் மணியும் எழுதி, வாட்ச்மேனிடம் கையெழுத்து வாங்கிப் போட்டோ எடுத்துவிடுகிறேன். வரிசையில் உங்கள் முறை எத்தனையாவது என்று கேட்டு, பின்னால் நிற்கும் வண்டிக்காரரிடம் எழுப்பச் சொல்லிவிட்டுப் படுங்கள்.

லோடு இறங்கிய அன்றிரவே ரிட்டர்ன் லோடுக்கு புரோக்கர் கூப்பிடுவார். வாடகையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏற்றும் நேரத்தை மட்டும் மறுநாள் காலை எட்டுக்குப் பிறகு என்று சொல்லுங்கள்.