“பாப்பா எங்கேயிருந்து வருகிறது?”: பதில் சொல்லும்போது பெரியவர்கள் சறுக்கும் இடங்கள்

அவசரமாக வெளியே கிளம்பும் நேரம் பார்த்துத்தான் நான்கு வயதுப் பிள்ளை இதைக் கேட்கும். பிள்ளை கேட்டது ஓர் இடத்தின் பெயரை. பெரியவர் காதில் விழுவதோ தாம்பத்தியம் பற்றிய குறுக்கு விசாரணை. முகம் சிவக்கிறது, பேச்சு மாறுகிறது. தவறுகளில் பாதி இங்கேயே பிறந்துவிடுகின்றன.

1975இல் ஆன் பெர்ன்ஸ்டைன், பிலிப் கோவன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 3 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளிடம் இதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள். மிகச் சிறியவர்கள், குழந்தை ஏற்கெனவே எங்கோ இருப்பதாகவும் அங்கிருந்து இங்கே வந்து சேர்வதாகவும் நினைத்தார்கள். அடுத்த படியில் இருந்தவர்களுக்கு, யாரோ பொம்மை செய்வதுபோலக் கையும் காலும் சேர்த்துச் செய்கிற பொருள் அது. ஆகவே, “அம்மாவின் உடம்புக்குள் கருப்பை என்று ஓர் இடம் இருக்கிறது, பாப்பா அங்கே வளர்ந்து, பிறகு வெளியே வரும்” என்பது நான்கு வயதுக்கு முழுப் பதில். பெரும்பாலும் பிள்ளை “ஓ” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். நாம் தயாரித்து வைத்திருந்த சொற்பொழிவு மிச்சமாகிவிடும், மிச்சமாகவே இருக்கட்டும். பதிலுக்கு முன் “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்பது நல்லது, தட்டிக்கழிப்பதற்காக இல்லாதவரை.

உண்மையைச் சொல்வதாக நம்பும் பெற்றோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு: “வயிற்றுக்குள் பாப்பா.” ‘வயிற்றுப் பிள்ளைக்காரி’ என்று சொல்லிப் பழகிய மொழி நம்முடையது, நமக்கு அதில் குழப்பம் இல்லை. பிள்ளைக்கோ வயிறு என்றால் சாப்பாடு போகிற பை. அப்படியானால் அம்மா பாப்பாவை விழுங்கினாளா? அவள் சாப்பிடுவதெல்லாம் அதன் தலையில் விழுமா? நான் நிறையச் சாப்பிட்டால் எனக்கும் வருமா? பாப்பா மலம் போகும் வழியாகத்தான் வெளியே வருகிறது என்று குழந்தைகள் ஊகிப்பதைப் பற்றி, உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய ஃபிராய்டு 1908இலேயே எழுதியிருக்கிறார். ‘கருப்பை’ என்ற ஒரு சொல் இத்தனை குழப்பத்தையும் தீர்த்துவிடும். சாப்பாட்டுக்கு ஒரு பை, பாப்பாவுக்கு வேறொரு பை. தொப்புள்கொடி வழியாக அதற்கு உணவு போகிறது, அந்தக் கொடி இருந்த தடம்தான் உன் தொப்புள். தன் உடம்பிலேயே சான்று இருப்பதைக் கண்டதும் பிள்ளைக்கு வருகிற பூரிப்பைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது விதை. “அப்பா அம்மாவுக்குள் ஒரு விதை போட்டார்” என்பது கேட்க நாகரிகமாக இருக்கிறது. உவமையை உவமையாக எடுத்துக்கொள்ளும் வயது வரவில்லையே! மண், தண்ணீர், முளை, இலை என்று பிள்ளை தோட்டத்துக்கே போய்விடும். பெர்ன்ஸ்டைனும் இந்தக் குழப்பத்தைக் கவனித்திருக்கிறார். விந்தணு, கருமுட்டை, இரண்டும் சேர்ந்தால் கரு என்று நேராகவே சொல்லலாம். யுனெஸ்கோவின் பாலியல் கல்வி வழிகாட்டியும் (திருத்திய பதிப்பு, 2018) இதை 5 முதல் 8 வயதுக்கான செய்தியாகத்தான் வைத்திருக்கிறது. ‘முட்டை’ என்றதும் கோழி நினைவு வரும். ஓடு கிடையாது, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான், ஒரு முற்றுப்புள்ளியைவிடச் சிறியது என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

“அப்பாவும் அம்மாவும் மிகவும் அன்பாக இருந்தோம், நீ வந்தாய்” என்பதிலும் சிக்கல் இருக்கிறது. அன்பாகக் கட்டிப்பிடித்தால் பாப்பா வரும் என்று பொருள் கொண்டு, தாத்தாவைக் கட்டிப்பிடிக்கத் தயங்கும் பிள்ளை உண்டு. குழந்தை இல்லாத சித்தியிடம் அன்பு இல்லையா என்றும் கேட்கும். தத்தெடுத்த பிள்ளையிடம் இன்னும் கவனம் வேண்டும்: எல்லாக் குழந்தைகளையும்போல நீயும் ஒரு கருப்பையில்தான் வளர்ந்தாய், அது வேறோர் அம்மாவின் கருப்பை என்று சொல்வதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

“உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்ற பழைய கேலியை நான் மன்னிப்பதில்லை. சொல்பவருக்கு அது சிரிப்பு. கேட்கிற பிள்ளை, ராத்திரி படுத்துக்கொண்டு யாருடைய பிள்ளை நான் என்று யோசிக்கும்.

“விந்தணு எப்படி உள்ளே போனது?” என்ற கேள்வி வந்தே தீரும், ஏழெட்டு வயதில் வரலாம், முன்னதாகவும் வரலாம். திணறினால் பரவாயில்லை. “நல்ல கேள்வி, யோசித்துச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு மறந்துபோவதுதான் தவறு. இப்படிச் சொல்லலாம்: “வளர்ந்த ஆணும் பெண்ணும் இருவருக்கும் விருப்பம் இருக்கும்போது உடலால் சேர்வார்கள். அப்போது ஆண்குறி வழியாக விந்தணு பெண்ணின் பிறப்பு வழிக்குள் போகும். இது பெரியவர்களுக்கு மட்டுமே உரியது. எந்தப் பெரியவரும் குழந்தையிடம் இப்படி நடந்துகொள்ளக் கூடாது.” இதைக் கேட்டு “சீ!” என்று பிள்ளை முகம் சுளித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தச் “சீ” நம் வாயிலிருந்து வரக்கூடாது, அவ்வளவுதான்.

தமிழில் நமக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. அந்தரங்க உறுப்புகளுக்குச் செல்லப் பெயர் இருக்கிறது, வசைச்சொல் இருக்கிறது, பாடநூல் சொல் இருக்கிறது. நடுவில் வீட்டில் கூசாமல் புழங்க ஒரு சொல் இல்லை. என்னைக் கேட்டால் பாடநூல் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். டைனோசர்களின் நீண்ட பெயர்களை ஒப்பிக்கிற நாக்குக்கு ‘ஆண்குறி’, ‘பெண்குறி’ ஒரு பாரமா? வலி என்றாலும், யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டார்கள் என்றாலும், பெயர் தெரிந்த பிள்ளையால்தான் பிறருக்குப் புரியும்படி சொல்ல முடியும். “இதை யாரிடமும் சொல்லாதே” என்று முடிக்காதீர்கள். ரகசியம் காக்கச் சொல்லிப் பழக்குவது தீய எண்ணம் உள்ளவருக்குத்தான் வசதி. “இது நம் வீட்டில் பேசுகிற பேச்சு, சந்தேகம் வந்தால் எங்களிடம் கேள்” என்பது போதும்.

ஏற்கெனவே கதை விட்டாகிவிட்டதா? “அன்றைக்குப் பாப்பாவை ஆஸ்பத்திரியில் வாங்கினோம் என்றேன் அல்லவா? எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அப்படிச் சொல்லிவிட்டேன். நீ கருப்பையில் வளர்ந்தாய். உன்னை வெளியே எடுக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.” பிள்ளை உடனே அடுத்த கேள்வியைக் கேட்கும்: “உள்ளே இருட்டாக இருந்ததா?”