பக்கத்து வீட்டுப் பெருநாளுக்கு வாழ்த்தப் போகும்போது

யாழ்ப்பாணத்தில் வாழ்த்துச் சொல்லத் தெரியாதவர் இல்லை. நத்தாருக்கு நத்தார் வாழ்த்து, நோன்புப் பெருநாளுக்கு ஈத் முபாரக், பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து, இதில் ஒருவரும் பிழை பிடிக்கமாட்டார்கள். ஓமும் சிலுவையும் பிறையும் ஒன்றாக இருக்கிற படத்தை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் தட்டிவிடுவதைவிட ஒரு வரி நீங்களே எழுதுங்கள், போதும்.

முதலில் நாளைப் பாருங்கள். பெரிய வெள்ளிக்குப் பூப்படம் போட்டு ‘இனிய வாழ்த்துக்கள்’ அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது யேசு சிலுவையில் இறந்ததை நினைக்கிற துக்க நாள், ஞாயிறு வரை பொறுங்கள். 2019 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த உயிர்த்த ஞாயிறும் பல வீடுகளில் பழையபடி இல்லை, ஆரவாரம் இல்லாமல் சொல்லுங்கள். நோன்புப் பெருநாளுக்குக் கலண்டரை நம்ப வேண்டாம். பிறை கண்டு கொழும்புப் பெரிய பள்ளிவாசல் அறிவித்த பிறகுதான் பெருநாள்.

சைவ வீட்டில் அந்த வருடம் சாவு நடந்திருந்தால் அநேகமாக ஆட்டைத்திவசம், அதாவது முதலாண்டு நினைவுச் சடங்கு, முடியும்வரை பொங்கல், தீபாவளி எதுவும் இல்லை. அங்கே வாழ்த்து வேண்டாம், சும்மா போய் இருந்து கதைத்துவிட்டு வாருங்கள்.

உண்மையான சிக்கல் தட்டில்தான். எங்கள் ஊர் நத்தார் கேக்கில் முட்டை தாராளம், பிரண்டியும் விடுவார்கள். முஸ்லிம் வீட்டுக்குப் பிரண்டி விடாததைத்தான் கொடுக்க வேண்டும், கேட்காமலே. மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடாத வீட்டுக்கு முட்டையும் ஆகாது, கேக்கை விட்டுவிட்டு முறுக்கோ பயத்தம்பணியாரமோ அனுப்புங்கள். முஸ்லிம் வீட்டுப் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்திலும் முட்டை இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் மற்ற நேரம் ஆட்டிறைச்சி விரும்பிச் சாப்பிடுகிற வீட்டிலும் அடுப்பில் மச்சம் ஏறாது, சில வருடம் ஹஜ்ஜுப் பெருநாளும் அதற்குள்ளேயே வந்துவிடும். அப்படி வந்தால் புரியாணிச் சட்டியோடு படலையடியில் நிற்காமல் ‘விரதமோ?’ என்று ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிடுங்கள், திருவிழா முடிய இன்னொரு நாள் கொடுத்தால் குறைந்தா போகும்? மாட்டிறைச்சி என்றால் எந்தக் காலத்திலும் முதலே சொல்லிவிட வேண்டும்.

பொங்கலிலும் ஒன்று இருக்கிறது. பல கத்தோலிக்கக் கோயில்களில் அவர்களே பொங்குவார்கள், அங்கே பிரச்சினை இல்லை. சில கிறிஸ்தவ சபைக்காரர் மட்டும் படைத்ததைத் தொடமாட்டார்கள். ‘படைச்சதோ?’ என்று கேட்டால் முகம் சுளிக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள், அவர்களுக்கு வாழைப்பழச் சீப்பு ஒன்று போதும். நோன்பு நேரம் பகலில் போனால் தேத்தண்ணீர் எதிர்பார்க்காதீர்கள், பின்னேரம் கஞ்சிக்குக் கூப்பிட்டால் போங்கள். நீங்கள் மச்சம் சாப்பிடாதவர் என்றால் கஞ்சியில் இறைச்சி போட்டதா என்று கேட்பதில் வெட்கம் இல்லை.

1990இல் புலிகளால் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம் என்றால், பெருநாள் மேசையில் இருந்துகொண்டு ‘அப்ப எங்க இருந்தனீங்கள், வீடு கிடைச்சதோ’ என்று விசாரணை வைக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது, கொஞ்சம் சீனியாவது போட்டுக் கொடுங்கள். கிழமைக்கணக்காக வைத்திருக்கவும் வேண்டாம். சில்வர்த் தட்டின் அடியில் பெயர் வெட்டியிருக்கும், எங்களுடையது என்று சாதிக்க முடியாது.